பூச்சிக்கடிக்குப் பெயர் தெரியாத மாத்திரை வாங்கிப் பட்ட பாடு

கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஏதோ பூச்சி கடித்துவிட்டது. என்ன பூச்சி என்று பார்க்கவில்லை. முதல் இரண்டு நாள் தடிப்பும் அரிப்பும்தான். தூக்கத்தில் நன்றாகச் சொறிந்திருக்கிறேன் போல, நகம் பட்டுத் தோல் உரிந்திருந்தது. மூன்றாம் நாள் அரிப்பு போய் வலி வந்தது. கை வைத்தால் அந்த இடம் மட்டும் சுட்டது. நடுவில் மஞ்சளாகச் சீழ் முனை கட்டியிருந்தது.

இதற்கெல்லாமா டாக்டர் என்று நேராக மருந்துக் கடைக்குப் போனேன். தப்பு என்னுடையதும்தான். கடைக்காரர் காலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடித்து எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, சர்க்கரை இருக்கிறதா, பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா, ஒரு கேள்வி கிடையாது. “ஒண்ணுமில்ல சார், ரெண்டு நாள்ல வத்திடும்” என்று ஒரு டியூபையும் சின்னக் காகித உறையையும் நீட்டினார். உறைக்குள் வெள்ளையில் ஆறு, ரோஸில் ஆறு, பட்டையிலிருந்து உதிர்த்துப் போட்ட மாத்திரைகள். பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. மேலே பேனாவில் 1-0-1 என்று கிறுக்கியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் சொன்ன மாதிரியே வற்றியது. வினையே அதுதான். இரண்டாம் நாள் சிவப்பு மங்கி, வீக்கம் பாதியாகிவிட்டது. டாக்டரிடம் போகச் சொன்ன வீட்டாரிடம் காலைக் காட்டிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மூன்று நாளில் மாத்திரை தீர்ந்தது. நான்காம் நாள் ராத்திரி குளிர் நடுக்கம், போர்வைக்குள்ளும் பல் அடித்தது. காலையில் பார்த்தால் ஆடுசதை பளபளவென்று விறைத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்காலைத் தாண்டி மேலே ஏறுகிறது.

டாக்டர் முதலில் செய்த காரியம், பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதியது. கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா என்று பார்க்கத்தானாம். செல்லுலைட்டிஸ் என்றார். சொறிந்த காயம் வழியாக பாக்டீரியா தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது, பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸோ ஸ்டெஃபிலோகாக்கஸோ இருக்கும் என்றார். அப்புறம் “என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். காலி உறையைத்தான் காட்ட முடிந்தது. அந்த நேரத்து அவமானம் இருக்கிறதே, அதை எழுத வரவில்லை.

டியூபைப் புரட்டிப் பார்த்தார். பீட்டாமெத்தசோன், நியோமைசின், க்ளோட்ரிமசோல் என்று பொடி எழுத்தில் இருந்தது. முதலாவது ஸ்டீராய்டு, நடுவில் இருப்பது ஆன்டிபயாடிக், கடைசியாக இருப்பது பூஞ்சைக்கான மருந்து. பூச்சிக்கடிக்குப் பூஞ்சை மருந்து எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கும், கிருமியைக் கொல்லாது, அதை எதிர்க்கிற உடம்பின் கையையும் கட்டிப்போடும். மாத்திரைகளிலும் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம் என்பதற்கு மேல் அவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் படுக்க வைத்து ரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அப்புறம் ஏழு நாள் மாத்திரை, இந்த முறை பெயரோடு.

எல்லா மருந்தாளுநரையும் குறை சொல்லவில்லை. கடித்த ஓரிரு நாளில் வருகிற தடிப்பும் அரிப்பும் பெரும்பாலும் ஒவ்வாமைதான், செட்டிரிசின் மாதிரி ஒன்று போதும், அதை அவர்களே சொல்லித் தரலாம். ஆனால் நாள் ஆக ஆக வலி கூடி, சூடும் சீழும் வந்து, சிவப்பு பரவினால் நல்ல மருந்தாளுநர் மருந்து தராமல் டாக்டரிடம் அனுப்புவார். என் கடைக்காரர் அனுப்பவில்லை. சர்க்கரை உள்ள ஒருவருக்கு அதே உறை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நடக்க முடிந்ததும் கடைக்குப் போய், அந்த மாத்திரைகளின் பெயரையாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். “எல்லாருக்கும் அதைத்தான் சார் தர்றோம், உங்களுக்குத்தான் கேக்கல” என்றார்.