கட்டைவிரல் போனால்: செட்டில்மெண்டா, இஎஸ்ஐயா, லைட் டியூட்டியா?

மணலி, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கப் பட்டறை ஒன்றில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மிஷின் ஓட்டும் ஒருவருக்கு வலது கட்டைவிரல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். தையல் பிரிப்பதற்குள் ஆளுக்கொரு யோசனை வந்துவிடும். "கொடுப்பதை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள் தம்பி" என்பார் மேஸ்திரி. "அவசரப்படாதே, இஎஸ்ஐ லீவில் இரு" என்பார் மச்சான். "அதே கம்பெனியில் லைட் டியூட்டி கேள், கைக்குத் தகுந்த இலேசான வேலை" என்பார் சங்கத்துக்காரர். நான் சங்கத்துக்காரர் கட்சி. ஆனால் அவர் சொல்லாமல் விடும் சில நிபந்தனைகள் இருக்கின்றன.

முதலில் செட்டில்மெண்ட். சம்பளம் 21,000க்குள் இருந்து இஎஸ்ஐ என்னும் அரசின் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர், வேலையில் பட்ட காயத்துக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளியிடம் தனியாக வழக்குப் போட முடியாது. இரண்டில் ஒன்றுதான். ஆகவே இஎஸ்ஐ உள்ளவரிடம் நீட்டப்படும் உறைக்குள் இருப்பது சட்டம் சொன்ன தொகை அல்ல. ராஜினாமாக் கடிதத்துக்கான விலை. பெரும்பாலும் அந்தக் கடிதமும் தட்டச்சு செய்து தயாராகவே இருக்கும்.

இஎஸ்ஐ இல்லாதவருக்குத்தான் 1923 சட்டம். அதன் அட்டவணைப்படி, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. சம்பளத்தில் 60 சதவீதம் 9,000 ரூபாய். அதை 30 வயதுக்கு உரிய 207.98 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் 5,61,546 ரூபாய். அதே காயத்துக்கு இஎஸ்ஐ மருத்துவக் குழு அதே 30 சதவீதத்தை எழுதினால், சம்பளத்தின் 90 சதவீதத்தில் 30 சதவீதம், அதாவது மாதம் ஏறத்தாழ 4,050 ரூபாய் ஆயுள் முழுக்க வரும். பன்னிரண்டாம் ஆண்டில் அது ஐந்தரை லட்சத்தைத் தாண்டிவிடும். மொத்தமாக வாங்கி வங்கியில் போட்டால் வட்டி வராதா என்று கேட்கலாம். வங்கிக்குப் போனால் வரும். அடகில் கிடக்கும் நகையும் கந்துக்காரரும் வங்கிக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சட்டங்களெல்லாம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. கட்டைவிரலுக்கு 30 சதவீதம் என்பது மாறவில்லை.

பணக் கணக்கில் இஎஸ்ஐ ஜெயிக்கிறது. வேலைக் கணக்கில்தான் இடிக்கிறது. காயம் ஆறும்வரை தற்காலிக இயலாமைக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும், நல்ல தொகைதான். ஆனால் வேலை செய்த நாளுக்கு அந்தப் பணம் கிடையாது. ஒன்று முழு லீவு, இல்லையென்றால் முழு வேலை. இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று கையைப் பழக்கிப் பழக்கி உள்ளே வர வழியில்லை. ஜெர்மனியில் நோயுற்றோருக்கான உதவித்தொகையை வாங்கிக்கொண்டே படிப்படியாக வேலைக்குத் திரும்பலாம். இங்கே அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையில் 'ஃபிட்' என்று எழுதிவிட்டால் மறுநாள் காலை முழு ஷிப்டு. அதற்குள் அந்த மிஷினில் வேறொருவர் பழகியிருப்பார்.

பலர் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நிரந்தர இயலாமைக்கு வரும் மாதப் பணம், வேலைக்குத் திரும்பினாலும் நிற்காது. "வேலைக்குப் போனால் பென்ஷன் போய்விடும்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே வாங்கலாம்.

இனி லைட் டியூட்டி. கட்டைவிரல் இல்லாத கை ஸ்பேனரை இறுகப் பிடிக்காது. தகட்டை டைக்குள் நேராகத் தள்ளாது. ஆனால் ஸ்டோரில் டூல் கொடுத்து வாங்கிக் கணக்கெழுதலாம், முடிந்த உருப்படியில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கலாம், புதுப் பையன்களுக்கு மிஷின் சொல்லிக்கொடுக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? நடப்பு என்னவென்றால், லைட் டியூட்டி என்ற பெயரில் கேட்டருகே ஒரு ஸ்டூல் போடுவார்கள். அடிப்படைச் சம்பளம் அப்படியே இருக்கும். ஓவர்டைமும் இன்சென்டிவும் நைட் ஷிப்டு படியும் போய்விடும். ஆறு மாதம் கழித்து அந்த ஸ்டூலும் போய்விடும். அதனால்தான் நிபந்தனை வேண்டும்: எந்த வேலை, எந்தச் சம்பளம், போகும் படிகளுக்கு ஈடு என்ன என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கைப் பயிற்சிக்குப் போகும் நேரத்தை லீவாகக் கழிக்கக் கூடாது. ராயபுரம் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் முதல் இரு கை மாற்று அறுவை சிகிச்சை 2018இல் அங்கேதான் நடந்தது. எத்தனை தேர்ந்த அறுவையும், பயிற்சிக்குப் போக முதலாளி விடாவிட்டால் பாதிதான் பலன் தரும்.

இதே விரல் பெரம்பூரில் அரசின் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் மதிலுக்குள் போயிருந்தால் கதை வேறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, பணியில் இருக்கும்போது உடல் இயலாமை ஏற்பட்டவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். பொருத்தமான வேலை காலியாக இல்லை என்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். தனியார் பட்டறைக்கு இந்தக் கடமை இல்லை. உள்ளே சட்டம் கொடுப்பதை வெளியே கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறது.

  வேலைக்குப் போகும் வழியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி இடித்தாலும் அது இஎஸ்ஐயில் வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதைக் கேட்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு மட்டும் லைட் டியூட்டிதான் சிறந்தது என்று என்னால் சொல்ல முடியாது. காண்ட்ராக்டர் கையில் இருப்பது அந்த ஒரு மிஷின் வேலைதான். மாற்றிப்போட அவரிடம் ஸ்டோரும் இல்லை, ஸ்டூலும் இல்லை. அந்தத் தொழிலாளி முதலில் பார்க்க வேண்டியது விபத்து அறிக்கையில் சரியான தேதியும் இடமும் பதிவாகியிருக்கிறதா என்பதை. வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற விதி இஎஸ்ஐயில் இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பலன் உண்டு. ஆகவே "இப்போதுதானே சேர்ந்தாய்" என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாமல், மருத்துவக் குழு முன்னால் போய் நிற்கட்டும். வேறு வேலை தேடுவதை மாதப் பணம் வரத் தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.