‘ஏழு சாமுராய்’: வயற்கரையில் பார்த்த வாள்சண்டைப் படம்

காலபோக அறுவடை முடிந்து, நெல்லை விற்றவர்கள் விற்றும் மிச்சத்தைச் சாக்கில் கட்டியும் ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை இரவில், இலங்கையின் வடக்கே வன்னியில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் எங்கள் ஊரின் வாசிகசாலை முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி, யப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ படத்தைத் திரையிட்டோம். 1954ஆம் ஆண்டு தோஹோ நிறுவனம் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. 207 நிமிடம் ஓடும் அந்தப் படத்துக்குள் இடைவேளையையும் இயக்குநரே வைத்திருக்கிறார். இளைஞர்கள் வாள்சண்டை பார்க்க வந்தார்கள். கடைசிவரை பாயை விட்டு எழும்பாமல் இருந்தவர்களோ பெரும்பாலும் கமக்காரர்கள்தான், வயல் செய்து வாழ்கிறவர்கள். உலகம் இந்தப் படத்தை யப்பானிய வாள்வீரர்களான சாமுராய்களின் படமாகக் கொண்டாடுகிறது. வன்னியில் இருந்து பார்க்கும்போது இது வயலை வைத்திருப்பவனின் படமாகவே தெரிகிறது.

கதை 16ஆம் நூற்றாண்டில், உள்நாட்டுப் போர்களால் யப்பான் சிதறிக் கிடந்த காலத்தில் நடக்கிறது. பார்லி விளைந்ததும் நாற்பது கொள்ளையர் வருவார்கள் என்பதை அறிந்துகொண்ட ஒரு மலையடிவாரச் சிற்றூர், தன் முதியவரின் யோசனைப்படி, பசித்திருக்கும் சாமுராய்களைக் கூலிக்கு அமர்த்த ஆளனுப்புகிறது. கூலி என்பது சாப்பாடு மட்டுமே. தகாஷி ஷிமுரா நடித்த கம்பெய் தலைமையில் ஏழு பேர் சேர்கிறார்கள். அவர்களில் தோஷிரோ மிஃபுனேயின் கிகுச்சியோ உண்மையில் சாமுராயே அல்ல, ஒரு கமக்காரனின் மகன்.

நகரத்துச் சத்திரத்தில் நடக்கும் ஒரு சிறிய காட்சியை முதலில் சொல்ல வேண்டும். சாமுராய்களுக்குக் கொடுப்பதற்கென்று ஊரிலிருந்து சுமந்து வந்த அரிசி களவு போய்விடுகிறது. தரையில் சிந்திக் கிடக்கும் அரிசியை யோஹெய் என்ற ஏழைக் கமக்காரன் குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்குகிறான். கமரா அவசரப்படாமல் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதுவரை கதைத்துக்கொண்டிருந்த முற்றம் அந்த இடத்தில் அடங்கிப்போனது. 2009இல், போரின் இறுதி மாதங்களில், அரிசியும் உப்பும் நீரும் மட்டும் கொண்டு காய்ச்சிய கஞ்சிக்குச் சிரட்டையோடு வரிசையில் நின்றவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். ஒரு மணி அரிசியின் கனம் என்னவென்று அவர்களுக்கு எந்த இயக்குநரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஊரவர் சாமுராய்களுக்குச் சோறு கொடுத்துவிட்டுத் தாங்கள் சிறுதானியம் உண்கிறார்கள் என்பது தெரிந்ததும் கம்பெய் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். ஒப்பந்தம் அதோடு உறுதியாகிறது.

இந்தப் படத்தின் சண்டைகள் ஏன் எழுபது ஆண்டுகள் கழித்தும் பழசாகவில்லை என்ற கேள்விக்கு, அவை நிலத்தைப் படிப்பதிலிருந்து தொடங்குகின்றன என்பதே என் விடை. கம்பெய் முதலில் ஊர் எல்லையைச் சுற்றி நடந்து, ஒரு வரைபடம் எழுதி, எங்கே வேலி, எங்கே அகழி, எந்தப் பாலத்தை அகற்றுவது என்று முடிவு செய்கிறார். பார்லியை அறுத்த கையோடு வயல்களுக்கு நீரைப் பாய்ச்சி, குதிரைகள் வர முடியாத தடுப்பாக்குகிறார்கள். குளத்தின் துருசைத் (மதகைத்) திறந்தால் எந்த வாய்க்காலில் எத்தனை நேரத்தில் நீர் வரும் என்று கணக்குப் பார்த்தே வாழ்கிறவர்களுக்கு அந்த உத்தி உடனே பிடித்துப்போனது. ஒரு பக்கத்தை மட்டும் வேண்டுமென்றே அடைக்காமல் விட்டு எதிரியை உள்ளே இழுக்கும் திட்டத்தைக் கண்டபோது, என் பக்கத்தில் இருந்த பெரியையா, “பன்றிக்குக் கடவை விடுறமாதிரித்தான்” என்றார். அவர் தொடக்கத்திலிருந்தே வேறொரு கவலையில் இருந்தார். “தம்பி, உந்த ஊருக்குக் குளம் எங்க இருக்கு?” என்று இரண்டு முறை கேட்டிருந்தார்.

இறுதிப் போர் கொட்டும் மழையில் நடக்கிறது. குளிர்காலத்தில், பல கமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, தொலைவில் இருந்து நெருக்கமாகக் காட்டும் வில்லைகளைப் பயன்படுத்தி அதை எடுத்திருக்கிறார்கள். அதனால் குதிரைக் கால்களும் மூங்கில் ஈட்டிகளும் சேறும் பார்ப்பவரின் முகத்துக்கு நேரே வந்து நிற்கின்றன. இங்கே யாரும் அழகாக வாள் சுழற்றுவதில்லை. வழுக்கி விழுகிறார்கள், எழும்புகிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள். கொள்ளையரிடம் மூன்று துப்பாக்கிகள் உண்டு. உயிரிழக்கும் நான்கு சாமுராய்களும் துப்பாக்கிச் சூட்டில்தான் விழுகிறார்கள், வாளில் நிகரற்ற கியூசோ உட்பட. எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு வேட்டில் அவன் சரிந்தபோது இளைஞர்களின் பக்கத்தில் சத்தமே இல்லை.

அதைவிடக் கனமான காட்சி ஒன்று அதற்கு முன்பே வருகிறது. எரியும் ஆலையிலிருந்து காயத்தோடு வரும் தாய் தன் குழந்தையைக் கொடுத்துவிட்டு இறக்க, கிகுச்சியோ ஓடும் நீரில் நின்றபடியே குழந்தையை அணைத்து, இதுதான் நான், எனக்கும் இதுவேதான் நடந்தது என்று கதறுகிறான். ஒரு அம்மா எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மீண்டும் அதே இடத்தில் அமர்ந்தார். திரையிடலை நிறுத்தலாமா என்று நாங்கள் தடுமாறினோம். “விடுங்கோ, பாப்பம்” என்று அவரே சொன்னார்.

குறை சொல்லாமல் விட முடியாத இடமும் இருக்கிறது. சாமுராய்களுக்குப் பயந்து மன்சோ தன் மகள் ஷினோவின் கூந்தலை வெட்டி ஆண்பிள்ளை வேடமிடுகிறான். பிள்ளையை ஒளித்துக் காக்கும் அந்த அச்சம் எங்கள் தாய்மாருக்கு விளக்கம் தேவையில்லாதது. ஆனால் ஷினோவின் மனத்துக்குள் படம் போதிய அளவு போகவில்லை. கொள்ளையர் கவர்ந்து சென்ற ரிகிச்சியின் மனைவிக்கு ஒரு சொல் சொல்லவும் இடமில்லை. அவள் தீக்குள் ஓடி மறைகிறாள். கமக்காரர்களைக் கூட்டமாக நடுங்குபவர்களாகவே பல இடங்களில் காட்டுவதும் எனக்கு உறுத்தலாக இருந்தது. அவர்கள் கள்ளத்தனமும் கஞ்சத்தனமும் உள்ளவர்கள்தான், ஆனால் அவர்களை அப்படி ஆக்கியது யார், நீங்கள்தானே என்று கிகுச்சியோ சாமுராய்களைப் பார்த்து வெடிக்கும் பேச்சு அந்த உறுத்தலைப் பெருமளவு தணிக்கிறது.

வெளியுலகம் இப்படத்தை வரவேற்ற விதம் பலருக்கும் தெரிந்ததே. 1954இல் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் பெற்றது. 1960இல் ஹொலிவூட் இதே கதையைக் குதிரைவீரர் படமாக மீண்டும் எடுத்தது. 1975இன் இந்திப் படமான ‘ஷோலே’யிலும் இதன் சாயல் உண்டு. 2018இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் ஆங்கிலம் அல்லாத மொழிப் படங்களில் முதலிடம் பெற்றது. 2024இல் புதுப்பித்த பிரதி கான் விழாவில் காட்டப்பட்டது. ஆயினும் ஆரம்பத்தில் வெளிநாடுகளுக்கு அனுப்பிய பிரதியில் ஏறத்தாழ 50 நிமிடத்தை வெட்டியிருந்தார்கள். நாங்கள் முதலில் நகரத்துக் கடையொன்றில் வாங்கியதும் குறுக்கிய பிரதிதான். அதில் சண்டை இருந்தது, ஊர் இல்லை. வாங்குபவர்கள் நேர அளவைப் பார்த்து வாங்க வேண்டும். ஆங்கில வசனவரிகளை ஆசிரியர் ஒருவர் ஒலிவாங்கியில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது முதியவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. இதைத் திரையிட விரும்பும் ஊர்கள் அதற்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்வது நல்லது.

முடிவில் மேளமும் குழலும் ஒலிக்க, பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். விதைப்பே வழக்கமாகிவிட்ட எங்கள் பக்கத்தில் நடுகைப் பாட்டுக் கேட்டு எத்தனையோ காலம். ஓரத்தில் நின்று பார்க்கும் கம்பெய், வென்றவர்கள் நாங்கள் அல்ல, இவர்கள்தான் என்று சொல்லிவிட்டு மேட்டில் உள்ள நான்கு புதைகுழிகளைத் திரும்பிப் பார்க்கிறார். திரை கல்லறைகளுக்குப் போய்விட்டது. பெரியையா இன்னும் அந்தச் சேற்று வயலிலேயே இருந்தார். “ஆற்றுத் தண்ணிதான் போல” என்றார் மெதுவாக.