என்ஐ 9234 அதிர்வு மாட்யூல்: கடலூர் ஆலையொன்றில் ஓராண்டுப் பயன்பாடு

கடலூர் சிப்காட்டில் நான் பணிபுரியும் ஆலையில், பம்புகளின் அதிர்வைக் கணினியில் பதிவதற்காக என்ஐ (நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) நிறுவனத்தின் 9234 மாட்யூலை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். நான்கு சேனல், 24 பிட், சேனலுக்கு வினாடிக்கு அதிகபட்சம் 51,200 சாம்பிள் (அளவீடு) என்பவற்றைவிட, உள்ளேயே அமைந்திருக்கும் ஏலியாசிங் தடுப்பு ஃபில்டருக்காகத்தான் (சாம்பிள் வேகம் போதாதபோது உயர் அதிர்வெண் ஒன்று தாழ்ந்த அதிர்வெண்ணாக வேடமிட்டுத் தெரிவதே ஏலியாசிங்) இதை வாங்கச் சொன்னேன்.

முன்பு நாங்கள் வைத்திருந்த வேறொரு பெட்டியின் உள்ளீட்டில் ஃபில்டர் எதுவும் கிடையாது. வினாடிக்கு 1024 சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தோம். நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது வினாடிக்கு 24 சுற்று சுழலும் பம்ப் ஒன்றின் இம்பெல்லருக்கு (உள்ளே சுழலும் சக்கரம்) நான்கு இலைகள் என்பதால், இலைகள் கடக்கும் அதிர்வெண் 96 ஹெர்ட்ஸ். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் சரியாக அந்த இடத்தில் உயரமான உச்சம் ஒன்று நின்றது. இம்பெல்லர் பழுது என்று முடிவு கட்டி, ஃபிட்டர்கள் இருவர் ஒரு ஷிப்ட் முழுவதும் வேலைசெய்து பம்பைப் பிரித்தார்கள்; உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. மறுபடியும் பூட்டி, வேகத்தைக் குறைத்து ஓட்டியபோது உச்சம் நகரவில்லை. சாம்பிள் வேகத்தை 1050 ஆக மாற்றியதும் அது 200 ஹெர்ட்ஸுக்குத் தாவியது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தி இயக்கும் மின்னணுக் கருவியான வி.எஃப்.டி.யின் 4000 ஹெர்ட்ஸ் சுவிட்சிங் இரைச்சல் கேபிள் வழியே நுழைந்து, 1024இன் நான்கு மடங்கான 4096க்கு 96 குறைவாக இருப்பதால், 96 ஹெர்ட்ஸாக வேடமிட்டிருந்தது.

சாம்பிள் எடுத்த பிறகு மென்பொருளில் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் அதற்குள் பொய்யான 96உம் உண்மையான 96உம் ஒன்றாகிவிடுகின்றன. 1.6 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்து, ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் வெட்டும் அனலாக் ஃபில்டரைச் செய்து பார்த்தேன். அது 4000 ஹெர்ட்ஸை நாற்பதில் ஒரு பங்காக மட்டுமே குறைத்தது. எனக்கு வேண்டிய 96 ஹெர்ட்ஸிலும் கால் பங்குக்கு மேல் விழுங்கிவிட்டது.

9234 இந்தச் சிக்கலை அனலாக், டிஜிட்டல் என இரண்டு கட்டமாகத் தீர்க்கிறது. டெல்டா-சிக்மா முறையில், நாம் கேட்கும் வேகத்தைப்போல் 64 மடங்கு வேகத்தில் சாம்பிள் எடுத்து, டிஜிட்டல் ஃபில்டரில் வடித்த பிறகே எண்ணிக்கையைக் குறைக்கிறது. சாம்பிள் வேகத்தின் 0.45 பங்குவரை சிக்னல் அப்படியே வருகிறது, 0.55 பங்குக்கு மேல் 100 டெசிபல், அதாவது லட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. வேகத்தை மாற்றினால் இந்த எல்லைகளும் கூடவே நகர்கின்றன. வினாடிக்கு 5120 சாம்பிளில் அதே பம்பை அளந்தபோது, 96 ஹெர்ட்ஸில் சிறு மேடு மட்டுமே தெரிந்தது.

ஆயினும் மாட்யூலுக்குள் இருக்கும் அனலாக் ஃபில்டரின் வேலை முடிந்துவிடவில்லை. அந்த 64 மடங்கு அதிர்வெண்ணை ஒட்டி வரும் இரைச்சலை அதுதான் தடுக்க வேண்டும், அது வேகத்தோடு நகர்வதில்லை. 51,200 சாம்பிளில் 3.2768 மெகாஹெர்ட்ஸை 90 டெசிபல் தடுக்கும் இந்த மாட்யூல், மிகக் குறைந்த வேகமான 1652 சாம்பிளில் 106 கிலோஹெர்ட்ஸை அதைவிடக் குறைவாகவே தடுக்கிறது. எனவே வி.எஃப்.டி. அருகில் 25,600 சாம்பிளில் பதிந்து, மென்பொருளில் ஃபில்டர் செய்த பிறகு குறைத்துக்கொள்கிறேன். ஃபில்டர் இல்லாமல் பத்தில் ஒரு சாம்பிளை மட்டும் பொறுக்கினால் பழைய பேய் திரும்ப வந்துவிடும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. 51,200ஐ 1 முதல் 31 வரையுள்ள முழு எண்களால் வகுத்துக் கிடைக்கும் வேகங்கள் மட்டுமே உண்டு. சரியாக 1000 கிடைக்காது. ஃபில்டரின் தாமதம் ஏறத்தாழ 38 சாம்பிள், 5120இல் 7.5 மில்லிசெகண்ட், பதிவுக்கு இது பொருட்டல்ல, வேகமான கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு ஒத்துவராது. அதிர்வை உணரும் சென்சாரான ஆக்சிலரோமீட்டருக்கு வேண்டிய 2 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை மாட்யூலே தருவதால் தனிப் பவர் சப்ளை தேவையில்லை. கடலோரத்தில் வைப்பவர்கள் கேபிள் பொருத்தும் பி.என்.சி. வாய்களில் பயன்படுத்தாதவற்றுக்கு மூடி போட்டுவிடுங்கள்.