மதுரை வெயிலில் ஆறு வருடமாக வளரும் மீன்கள்

2019 ஆகஸ்டில் மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு ஒராண்டா கோல்டுஃபிஷ் வாங்கினோம். தலைக்கு இரண்டு அங்குலம்தான் இருக்கும். கூடவே உருண்டையான கண்ணாடி பவுல் ஒன்று. "தொட்டி சின்னதா இருந்தா மீனும் சின்னதாவே இருக்கும் சார், ஒண்ணும் கவலை இல்ல" என்று கடையில் சொல்லி அனுப்பினார்கள். பதினோராவது நாள் காலையில் ஒன்று செத்து மிதந்தது. மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தப் பேச்சை நம்பி இன்னும் எத்தனையோ வீடுகளில் பவுல் வாங்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தொட்டியின் அளவைப் பார்த்து மீன் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதில்லை. செவுள் வழியாக அம்மோனியா என்ற விஷக் கழிவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கொஞ்சத் தண்ணீரில் அது சேரச் சேர, மீன் நோஞ்சானாகிறது. வளர்ச்சி குன்றி, சீக்கிரமே செத்தும் போகிறது. நல்ல இடம் கிடைத்தால் ஒராண்டா அரை அடிக்கு மேல் வளரும், பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும். கோய் என்கிற அலங்காரக் கெண்டை இரண்டு அடியைத் தொடும்.

மிஞ்சிய ஒன்றை 56 லிட்டர் தொட்டிக்கு மாற்றி ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்தேன். அங்கேயும் ஒரு தப்பு செய்தேன். ஸ்பாஞ்ச் அழுக்காக இருக்கிறதே என்று கார்ப்பரேஷன் குழாயில் நன்றாக அலசிப் போட்டேன். மறுநாளே மீன் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிட்டது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். திரும்ப வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இப்போதெல்லாம் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிகிறேன், அதுவும் லேசாக.

2021-இல் திருப்பாலைப் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்ததும் பின்கட்டில் எட்டுக்கு நாலு, ஆழம் மூன்றடி என்று சிமெண்ட் தொட்டி கட்டினோம். சுமார் 2,700 லிட்டர் பிடிக்கும். புது சிமெண்டில் சுண்ணாம்பு இறங்கும், உடனே மீன் விடக்கூடாது. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை நாலைந்து முறை மாற்றி, ஒன்றரை மாதம் கழித்துத்தான் நாலு கோய் குஞ்சுகளை விட்டேன். அப்போது மூன்று அங்குலம். ஒரு வருடத்தில் பத்து அங்குலம் ஆகிவிட்டன. இன்று பெரியது பத்தொன்பது அங்குலம்.

கோல்டுஃபிஷையும் அதே தொட்டியில் விட்டிருந்தேன். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். தீனி போட்டால் கோய் பாய்ந்து வந்து தின்று முடித்துவிடும், குண்டு உடம்போடு ஆடி ஆடி வரும் ஒராண்டாவுக்கு மிச்சமே இருக்காது. அடுத்த வருடமே கோல்டுஃபிஷுக்குத் தனியாக 850 லிட்டரில் ஒரு தொட்டி கட்டி, புதிதாக இன்னொரு ஒராண்டாவும் வாங்கி விட்டேன். வித்தியாசம் கண்ணெதிரே தெரிகிறது. பின்னால் வந்தது மூன்றே வருடத்தில் ஏழு அங்குலம். சின்னத் தொட்டியில் இரண்டு வருடம் கிடந்த பழையது ஆறு வருடமாகியும் ஐந்து அங்குலம்தான், முதுகு லேசாகக் கூனியிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும்.

நம் ஊருக்கென்று இரண்டு பிரச்சினைகள் உண்டு, தண்ணீரும் வெயிலும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் 8-க்கு மேல். கோல்டுஃபிஷ் அந்த உப்பைத் தாங்கும். ஆனால் பிஹெச்சும் சூடும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் விஷமாகிறது. அதனால் வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றுவதை நான் தள்ளிப்போடுவதே இல்லை. வெயிலில் ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 32 டிகிரியில் 7 சொச்சம்தான்.

2023 மே மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், நாலு கோயும் வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. நானும் மனைவியும் விடியும்வரை குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஒன்றும் சாகவில்லை. அந்த வாரமே ஏர் பம்பை இன்வெர்ட்டரில் சேர்த்தேன், மேலே பச்சை வலையும் கட்டினேன். இத்தனை வருடத்தில் செய்த செலவிலேயே உருப்படியானது இதுதான்.

நோய் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். புது ஒராண்டாவின் செவுள் மூடியில் ரவை ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. வெண்புள்ளி நோய் என்று பயந்து லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு போட்டேன். நோயே இல்லை, அது ஆண் மீன் என்பதற்கான அடையாளம். இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் முள்ளிலும்தான் பெரும்பாலும் வரும். நோய் என்றால் உடம்பெங்கும் உப்புத் தூவியதுபோல் கண்டபடி இருக்கும், மீன் சுவரில் உரசிக்கொண்டே திரியும்.

அப்புறம், கொக்கு. பச்சை வலை கட்டுவதற்கு முன்பு விடியற்காலையில் மதில்மேல் வந்து நிற்கும். அம்மா அதை விரட்டவே மாட்டார். மீன் தின்ன மாட்டேன் என்று இருந்த நாரைக்குச் சிவன் முத்தி கொடுத்த கதையையும், அது கேட்ட வரத்தால்தான் பொற்றாமரைக் குளத்தில் மீனே கிடையாது என்பதையும் பேத்திக்குச் சொல்வார். அதே அம்மா இப்போது காலையில் காபி குடித்த கையோடு தொட்டியோரம் உட்கார்ந்து வலையின் ஓரத்தைத் தூக்குகிறார். விரலில் பிடித்த பெல்லட்டைப் பெரிய கோய் மீசை உரச உரச வந்து வாங்கிக்கொள்கிறது.