பயிற்சிப் பாடங்களுக்குக் கணினிக் குரல்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அலுவலகப் பயிற்சிப் பாடங்களுக்கு, எழுத்தைப் பேச்சாக மாற்றும் கணினிக் குரலைத்தான் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். அதற்கு முன்பு மைக் வைத்து நாங்களே பேசிப் பதிவு செய்தோம். மாறியது குரலின் அழகுக்காக இல்லை, திருத்தத்துக்காக. மென்பொருளில் ஒரு பட்டனின் பெயர் மாறினால் பாடத்தில் ஒரு வரி மாறும். அந்த ஒரு வரிக்குப் பழைய ஆளே வந்து பேச வேண்டும், அவருக்குச் சளி பிடித்திருக்கக் கூடாது, அறையின் எதிரொலியும் முன்பு போலவே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டுப் போட்ட இடம் காதில் இடிக்கும். கணினிக் குரலில் வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினால் சரி.

2016இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட், பேச்சொலியை உருவாக்கும் வேவ்நெட் என்ற முறையை வெளியிட்டது. அதன் பிறகு வந்த, மனிதப் பேச்சுப் பதிவுகளிலிருந்து பேசக் கற்றுக்கொள்ளும் நியூரல் குரல்களில் பழைய ரோபோ வாடை பெருமளவு போய்விட்டது. ஒரு வாக்கியம் கேட்டால் ஆள் பேசுவது போலவே இருக்கும். பத்து நிமிடம் கேட்டால்தான் வண்டவாளம் தெரியும். எது முக்கியம், எது போகிற போக்கில் சொல்வது என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாம் ஒரே இறக்கத்தில் முடியும்.

தமிழில் கூடுதல் தலைவலி உண்டு. ‘பட்டன்’, ‘பாஸ்வேர்ட்’ இரண்டுக்கும் ஒரே ப. சொல்லைத் தெரிந்த நமக்குக் குழப்பமில்லை, குரல் தடுமாறும். 2.10 என்ற பதிப்பு எண்ணை எப்படி வாசிக்கும் என்பது அதன் அன்றைய மனநிலையைப் பொறுத்தது! எண்களை எழுத்தாகவே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நிறுத்தம், வேகம், உச்சரிப்பைக் கட்டுப்படுத்த எஸ்எஸ்எம்எல் என்ற குறியீட்டு முறை 2004 முதலே தரநிலையாக இருக்கிறது. ஆனால் எல்லாக் குரலும் எல்லாக் குறிக்கும் கட்டுப்படுவதில்லை. நான் நம்பிப் பயன்படுத்துவது நிறுத்தக் குறியை மட்டும்தான்.

குரலைவிட ஸ்கிரிப்ட்தான் பெரிய வேலை. ‘தேர்வு செய்யப்பட வேண்டும்’ என்பது கண்ணுக்கு ஓடிவிடும், காதில் அரசாணை மாதிரி விழும். ‘தேர்வு செய்யுங்கள்’ போதும். திரையில் இருப்பதையே அப்படியே வாசிக்க வைப்பதையும் நிறுத்திவிட்டேன். படமும் பேச்சும் இருக்கும்போது அதே வாசகத்தையும் திரையில் போட்டால் கற்பது குறைகிறது என்பது உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வு முடிவு.

கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்ற பாடத்துக்கு மட்டும் இன்னமும் ஆள்தான் பேசுகிறார். அந்தத் தணிவைக் கணினிக் குரலில் கொண்டுவர முடியவில்லை. மற்றவற்றுக்கு இதுவே போதும். சப்டைட்டில் மட்டும் கட்டாயம், ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. ஸ்கிரிப்ட் கையில் இருப்பதால் அதில் பெரிய வேலை இல்லை. குரலுக்காக எழுத்தாக்கிய எண்களைத் திரும்ப எண்ணாக்கினால் ஆயிற்று.