வில்னியஸ்: நாடாளுமன்றமா, டிவி கோபுரமா?

லிதுவேனியா சோவியத் பிடியிலிருந்து விடுபட்ட கதையைத் தலைநகரில் நேரில் பார்க்க விரும்புபவர் முன்னால் இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, கெடிமினாஸ் அவென்யூவின் கோடியில், நேரிஸ் ஆற்றோரம் நிற்கும் நாடாளுமன்றம். 1990 மார்ச் 11 அன்று, விடுதலை இயக்கத் தலைவர் லாண்ட்ஸ்பெர்கிஸ் தலைமையில் 124 உறுப்பினர்கள் வாக்களித்து விடுதலையை மீட்டதாக அறிவித்த இடம் இதுதான். 1991 ஜனவரியில் சோவியத் ராணுவம் வரும் என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் கடுங்குளிரில் கட்டிடத்தைச் சூழ்ந்து நின்றார்கள். விறகு மூட்டிக் குளிர் காய்ந்தார்கள், சேர்ந்து பாடினார்கள். கான்கிரீட் பலகைகளை அடுக்கித் தடுப்பு எழுப்பினார்கள். அதில் ஒரு பகுதி அங்கேயே பாதுகாக்கப்படுகிறது. கிட்டே போனால் அன்றைய கிறுக்கல்கள் தெரியும்.

மற்றது 326 மீட்டர் உயர டிவி கோபுரம். ஜனவரி 13 அதிகாலையில் டாங்கிகள் அங்கே போயின. அந்தத் தாக்குதலில் மாண்ட 14 பேரில் பெரும்பாலானோர் கோபுரத்தடியில் விழுந்தவர்கள். கோபுரம் ராணுவத்தின் கையில் போனது. நாடாளுமன்றத்தைத் தாக்க மட்டும் ராணுவம் துணியவில்லை. உள்ளே அவை தொடர்ந்து கூடியது. அப்புறம் கௌனாஸ் நகரிலிருந்து ஒளிபரப்பும் தொடர்ந்தது.

கோபுரத்தில் சுழலும் உணவகம் உண்டு, ஊர் முழுதும் தெரியும். அஞ்சலி செலுத்த அங்கே போகலாம். ஓரிடத்துக்குத்தான் நேரம் என்றால், நான் நாடாளுமன்றத்தையே சொல்வேன்: ஆயுதமில்லாத மக்கள் காத்து நின்று, கடைசிவரை விழாத கட்டிடம் அது.