ஒன்பது வருடமாக ஒரு சசெக்ஸ் கூடையும் அதன் இடுக்கில் மண்ணும்

க்ராய்டனில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "உன்கிட்ட ஒரு ட்ரக் இருக்கே, நல்லா உழைக்குதா? மாமனாருக்கு எழுபது முடியுது, தோட்டம்னா உயிர், வாங்கிக் குடுக்கலாமா?" பக்கத்தில் இருந்த மகள் மிரண்டு போய், அப்பா எப்போது லாரி வாங்கினார் என்று கேட்டாள். லாரியான truck-ஐயும் கூடையான trug-ஐயும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்ன செய்வது. இது சசெக்ஸ் ட்ரக், தெற்கு இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கத்துத் தோட்டக் கூடை. படகு மாதிரி, மரப்பலகையில் செய்தது. இங்கிலாந்துத் தோட்டப் படம் எதில் பார்த்தாலும் ரோஜாவோ பீன்ஸோ இதில்தான் கிடக்கும்.

ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு நாலு நாள் முன்னால்தான் என் கூடையை ரிப்பேர் முடிந்து வாங்கி வந்திருந்தேன், புதுக்கூடை விலையில் கிட்டத்தட்ட பாதியைக் கூலியாகக் கொடுத்துவிட்டு. அந்தக் கடுப்பு தீராததால்தான் இவ்வளவு நீளம்.

நான் இருப்பது அதே சசெக்ஸில் ஹார்ஷம். வீல்ட் என்று சொல்கிற இந்தப் பக்கமெல்லாம் களிமண். மழை பெய்தால் பசை, காய்ந்தால் ஓடு. என் பிரச்சினை முழுக்க இங்கிருந்துதான் தொடங்குகிறது. கூடையின் அடியிலும் பக்கத்திலும் மெல்லிய வில்லோ பலகைகள், என்னுடையதில் ஏழு. ஒவ்வொன்றின் விளிம்பும் அடுத்ததன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், ஓடு வேய்ந்த மாதிரி. பார்க்க ரொம்ப அழகு. அந்த ஏற்றத்துக்குக் கீழே ஒரு இடுக்கு உண்டு, நகம் நுழையாது, களிமண் நுழையும். நுழைந்தால் வெளியே வராது. ஹோஸ் பைப்பால் அடித்தால் மண் இன்னும் உள்ளே போகிறது, கூடவே தண்ணீரும். பழைய டூத் பிரஷ் மேல்மண்ணை மட்டும் எடுக்கிறது. ஐஸ்கிரீம் குச்சி உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டு, அந்தத் துண்டை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைசியில் வேலைக்கு ஆனது மனைவியின் பழைய கொண்டை ஊசி. ஒன்பது வருடமாக, தோண்டிய ஒவ்வொரு நாளும், கொட்டகை வாசலில் உட்கார்ந்து கொண்டை ஊசியால் கூடைக்குப் பல் குத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு ஏப்ரலில் கூடைக்குள்ளேயே இரண்டு இலையோடு ஏதோ முளைத்திருந்தது. விதைப் பாக்கெட் சிந்தியதில் இடுக்கில் சிக்கிய கொத்தமல்லி. இன்னும் நாலு விதை போட்டால் ரசத்துக்கு ஆகும் என்றாள் மனைவி.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. நடுப்பலகை ரெண்டு வருடத்துக்கு முன் அடியில் மெத்தென்று ஆகிவிட்டது, கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. வில்லோ லேசான மரம், ஈரமண் ஒட்டிக்கொண்டே இருந்தால் தாங்காது. ஒரு ஆணியும் கழன்று விழுந்தது. நானே சரி செய்கிறேன் பேர்வழி என்று டப்பாவில் கிடந்த இரும்பு ஆணி ஒன்றை அடித்தேன். ஒரே மாதத்தில் ஆணியைச் சுற்றி மை கொட்டினாற்போல் நீலக்கறுப்பு. சட்டமும் கைப்பிடியும் ஸ்வீட் செஸ்நட் மரம், அதில் துவர்ப்புச்சத்து நிறைய. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மையாகிற அதே சங்கதிதான். கூடையில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் செப்பு ஆணி. ஏன் செம்பு என்று யோசிக்காமல் சுத்தியலைத் தூக்கியது என் தப்பு, அதைக் கூடையின் கணக்கில் எழுத மாட்டேன். ஒரு குளிர்காலம் முழுக்க ரேடியேட்டர் பக்கத்தில் வைத்துப் பலகை சுருங்கி லொடலொடவென்று ஆனதும் என் கணக்குதான். ஈரமும் ஆகாது, ஒரேயடியாகக் காய்ந்தாலும் ஆகாது. கொட்டகையில் கிடந்தால் நன்றாக இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஆளிவிதை எண்ணெய்.

சரி, நல்லதையும் சொல்கிறேன். கைப்பிடி. மற்றக் கூடைகளில் கைப்பிடி என்பது மேலே கொண்டுவந்து பொருத்திய தனி உறுப்பு, என்றைக்காவது பொருத்திய இடம் விடும். இதில் அது ஒரு முழு வளையம். கைக்கு மேலே தெரிவது பாதி, மீதி கூடையின் அடிவயிற்றைச் சுற்றிப் போகிறது, பலகைகள் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. விளிம்புச் சட்டம் இன்னொரு வளையம். இரண்டும் குறுக்கே மாட்டியிருக்கின்றன, அவ்வளவுதான் சூட்சுமம். பன்னிரண்டு கிலோ உருளைக்கிழங்கைத் தூக்கினால் பாரம் எந்த ஆணியிலும் இல்லை, வளையத்தில் இருக்கிறது. அதுவும் ரம்பத்தால் அறுத்த மரமில்லை. கம்பை நார்வாக்கில் பிளந்து, நீராவியில் வேகவைத்து வளைத்தது, அதனால் நார் எங்கேயும் வெட்டுப்படாமல் வளையம் முழுக்க ஓடுகிறது. உள்ளங்கை படும் இடத்தில் கத்தி சீவிய தடங்கள் லேசாகத் தட்டுப்படும். வெளிப்பக்கம் மரப்பட்டையை அப்படியே விட்டிருக்கிறார்கள், ஒன்பது வருடத்தில் கை பட்டுப்பட்டு அது புளியங்கொட்டை மாதிரி மினுங்குகிறது. இந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பலகை மரத்தைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். இங்கிலீஷ் வில்லோவா காஷ்மீர் வில்லோவா என்று பேட் கடையில் நின்று சண்டை போட்டவர்கள் நாம். அதே கிரிக்கெட் பேட் வில்லோதான் இது, பேட்டுக்கு எடுத்தது போக மிஞ்சிய துண்டுகள். பேட் செய்யும் ராபர்ட்ஸ்பிரிட்ஜும் கூடைக்குப் பேர் போன ஹர்ஸ்ட்மன்சூவும் இரண்டுமே கிழக்கு சசெக்ஸ்தான். தாமஸ் ஸ்மித் என்று ஹர்ஸ்ட்மன்சூக்காரர் ஒருவர்தான், கட்டையைக் குடைந்து செய்த பழைய கனத்த தொட்டிக்குப் பதில் இந்த லேசான வடிவத்தைக் கொண்டு வந்தவர். 1851-இல் லண்டன் ஹைட் பார்க் கண்காட்சியில் வைத்தார், விக்டோரியா ராணி பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தார். ஸ்மித்தும் அண்ணன் தம்பிகளும் கூடைகளை எடுத்துக்கொண்டு லண்டன் வரை நடந்தே போய்க் கொடுத்தார்கள் என்று ஒரு கதை. ராணி அதில் மண் அள்ளியிருக்க மாட்டார்.

ரிப்பேருக்கு வருகிறேன். கிராமத்துப் பட்டறை, ஒரே ஆள், பெயர் வேண்டாம். ஜூனில் கொடுத்தேன். மூன்று வாரம் என்றார், பதினொரு வாரம் ஆயிற்று. என் பீன்ஸ் முழுவதும் சூப்பர்மார்க்கெட் பையில் வீடு வந்து சேர்ந்தது. போனை எடுப்பதில்லை, எடுத்தால் கோபப்பட முடியாதபடி அவ்வளவு தன்மையாகப் பேசுவார், அது இன்னும் எரிச்சல். நேரில் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். மனிதர் மரக்குதிரை மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலால் மிதித்தால் முன்னால் உள்ள கட்டை மரத்தைக் கவ்விக்கொள்கிறது, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியைத் தன் நெஞ்சை நோக்கி இழுத்துச் சீவுகிறார், சீவல் சுருள் சுருளாக முழங்கால் வரை கிடக்கிறது. ஒரு பலகைக்கு அத்தனை இழுப்பு. சண்டை போட வந்தவன் இருபது நிமிடம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நினைவு வந்து கேட்டேன், இந்த இடுக்கு மண்ணுக்கு ஒரு வழியும் இல்லையா என்று. அவர் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிழங்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போடலாமே என்றார்.

ஒன்பது வருடம்!

வேலை சுத்தம், ஒத்துக்கொள்கிறேன். அழுகிய பலகையை எடுத்துவிட்டுப் புதுசு, என் இரும்பு ஆணிக்குப் பதில் செம்பு, அடிக்கட்டை ஒன்றும் மாற்றியிருக்கிறார். என்ன, மற்றப் பலகையெல்லாம் சாம்பல் நிறமாக இருக்க நடுவில் ஒன்று மட்டும் பளீரென்று வெள்ளை, பல் கட்டின கிழவர் சிரிப்பது மாதிரி.

நண்பனுக்கு என்ன எழுதினேன் என்றால், வாங்காதே. பழைய காலத்துச் சாமானை மெச்சி வாங்கி, அப்புறம் அதற்கு எண்ணெய் போட்டு, வெயில் காட்டாமல், ஈரம் காட்டாமல் வளர்க்க எழுபது வயதுக்காரருக்கு என்ன தலையெழுத்து? பத்துப் பதினைந்து பவுண்டுக்கு நெகிழ்ந்து கொடுக்கிற பிளாஸ்டிக் வாளி கிடைக்கிறது. அதையும் ட்ரக் என்றே விற்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனால் கழுவினால் மண் போகும். "உன்னுதை எனக்கு வித்துடேன்" என்று பதில் வந்தது. நான் இன்னும் பதில் போடவில்லை.

நேற்று பீட்ரூட் பிடுங்கினேன். ஒவ்வொன்றையும் பூட்ஸில் இரண்டு தட்டுத் தட்டித்தான் கூடையில் போட்டேன். வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால் மண் பாதிக்கும் குறைவு. வெள்ளைப் பலகையின் விளிம்போரம் மட்டும் சிவப்பாக ஒரு கறை, அதற்குக் கீழே, இடுக்கில், ஒரு சிட்டிகை களிமண். கொண்டை ஊசியைத் தேடினேன். இனிமேல் வேண்டாம் என்று மனைவி அதைத் தூக்கிப் போட்டுவிட்டாளாம்.